உப்பு இருக்கும் இடம்

கணினித் திரையின் அடியில் நீலப் பட்டை ஒன்று வேண்டாவெறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது, பாதி வழிகூட வந்து சேரவில்லை, வரட்டும், யார் துரத்துகிறார்கள் என்று பரிமளா செருப்பிலிருந்து காலை உருவித் தரையில் வைத்தாள். தரை சில்லென்றிருந்தது. வயிற்றில் தயிர்சாதம், நாக்கில் இன்னும் மாவடுவின் உறைப்பு, நாலாம் மாடி ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் ஆடிக் காற்று கண்ணாடியை உலுக்கி உலுக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று. இந்த நேரத்தில் சற்றே கண்ணை மூடினால் சொர்க்கம். ஆனால் நாற்பத்தாறு வயதில் ஆபீஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுவார்கள், போன வருஷம் கணக்குப் பிரிவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று, மனிதர் இன்னும் வெளியே தலைகாட்டக் கூச்சப்படுகிறார். மொட்டை மாடியில் காலையில் காயப்போட்ட போர்வைகள் நினைவுக்கு வந்தன. க்ளிப் போட்டோமா? போட்டோம். கணவர் ரங்கராஜின் வேட்டிக்கு? அதற்கும் போட்ட மாதிரித்தான் இருக்கிறது. அவருக்கே போன் போட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லலாம், அவர் கடையை விட்டுப் போகமாட்டார், போய்ப் பார்த்தேன் என்று பொய் சொல்வார், அதையும் அவ்வளவு நம்பும்படியாகச் சொல்வார், அவருடைய பொய்கள் மேல் பரிமளாவுக்கு ஒரு பிரியமே உண்டு. பெரிய குறை ஒன்றும் இல்லாத வாழ்க்கை. பட்டை ஒரு மயிரிழை நகர்ந்தது.

அந்தப் பட்டை போய்ச் சேர்ந்ததும் அவளுடைய புரோகிராமுக்கு ஒரு மதிப்பெண் வரும். நாளைக்கே இதை வேறொருவர் கையில் தூக்கிக் கொடுத்தால் படித்துப் புரிந்துகொண்டு, பழுது பார்த்து, வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதற்கான மதிப்பெண். அளக்கிற மென்பொருளுக்கு ஆபீஸில் மீட்டர் என்று பெயர், ஆட்டோக்காரர்கள் போடாத மீட்டரை நம் தலையில் போட்டிருக்கிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. அறுபத்தைந்துக்கு மேலே வந்தால் பச்சை, கீழே வந்தால் சிவப்பு. கம்பெனியைப் புதிதாக வாங்கியிருப்பவர்கள் போட்ட கோடு அது, பெரியது சின்னது பழையது புதியது எல்லாவற்றுக்கும் அதே ஒரு கோடு. பச்சை என்றால் புரோகிராம் கோயம்புத்தூரிலேயே, எழுதியவர்களிடமே இருக்கும். சிவப்பு என்றால் புனேயில் இருக்கும் குழு ஒன்று அதை வாங்கித் தலைமுழுகிவிட்டு முதலிலிருந்து வேறாக எழுதும், பரிமளா கீழ் மாடியில் இன்சூரன்ஸ் புரோகிராமுக்குச் சோதனை பார்க்கிற நாற்காலிக்குப் போவாள். பட்டை முடிந்ததும் மதிப்பெண் தானாகவே ஹெலன் மேடத்துக்குப் போய்விடும், இந்த மாடிக்கு அவர்தான் தலைவி, சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து மேலே அனுப்புவார். போன வாரம் ஒத்திகை பார்த்தபோது நாற்பத்தொன்று வந்தது. நேற்றெல்லாம் உட்கார்ந்து புரோகிராமைப் பிரித்து மாற்றி எழுதிய பிறகு இன்று காலை எழுபத்தெட்டு. இப்போது பொதுக் கணினியில் ஓடுவதும் அந்தப் புது வடிவம்தான், ஆகவே எழுபத்தெட்டுதான் வரப்போகிறது, சாப்பாட்டு வரிசையில் ஹெலன் மேடத்திடமே சொல்லியாயிற்று, அவரும் தோளைத் தட்டினார். பயப்பட ஒன்றுமே இல்லை. பின்னே எதற்கு இந்தப் பட்டை நகர நகர அடிவயிற்றில் ஏதோ ஒன்று நகர்கிறது, தயிர் புளித்திருந்ததோ, இல்லையே, நன்றாகத்தானே இருந்தது.

பதினோரு வருஷம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பனியன் துணி கிடந்து சுழல்கிற இயந்திரத்துக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது உப்பு, எப்போது சோடா, எவ்வளவு சூடு என்று சொல்லித் தருகிற புரோகிராம். முதல்முதல் பட்டறைக்குள் போன அன்று வெள்ளைச் சுடிதாரில் போனாள், அவ்வளவு விவரம். திரும்பி வரும்போது கால்பக்கம் ரோஸ், நீராவியில் முகமெல்லாம் வெந்து, காதுக்குள் மோட்டார் சத்தம், ஈரத் துணியும் கொதிக்கிற தண்ணீருமாக ஒரு வாசனை மூக்கில் உட்கார்ந்துகொண்டது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். பரிமளாவுக்கு அந்த வாசனை பிடித்துப்போனது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே சாயத்துக்குப் பொறுப்பான டையிங் மாஸ்டர் மயில்சாமி, ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற ஆள், போர் தண்ணீர் என்றால் ஒரு மாதிரி, மழைத் தண்ணீர் என்றால் ஒரு மாதிரி, துணி அலசிய உப்புத் தண்ணீரையே சுத்தம் செய்து திரும்ப எடுத்தால் உப்பைக் குறைக்க வேண்டும், டர்க்காய்ஸ் நீலம் வந்தால் எல்லாவற்றுக்கும் டாட்டா, அதற்குத் தனி வழி என்று சொல்லிக்கொண்டே போனார், அவர் சொன்ன வரிசையிலேயே, மேலிருந்து கீழாக, ஒரே நீட்டாக எழுதிவிட்டாள். பெயர்கள்கூட அவர் வாயில் வந்தவைதான், உப்பு முதல் பங்கு, போர் தண்ணி, சூடு ஏத்து, அதையே ஆங்கில எழுத்தில் போட்டு வைத்தாள். பிறகு சரியான பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள், அந்தப் பிறகு வரவே இல்லை. ஒருநாள் அவர் அவளுடைய திரையை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, இது நான் சொன்னதாச்சே என்றார். அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றால் போன் வரும், அவள் திரையைப் பட்டறைக் கணினியில் தெரியும்படி விடுவாள், மெதுவாகக் கீழே உருட்டுவாள், அவர் படித்துக்கொண்டே வந்து, அங்க நிறுத்துங் அம்மிணி என்பார். புரோகிராம் எழுத அவருக்கு வராது, சாயம் ஏற்ற அவளுக்கு வராது. இருவரும் சேர்ந்து உட்கார அந்த ஒரு நீளமான சமாச்சாரம் இருந்தது.

மீட்டருக்கு அந்த நீளம்தான் ஆகவில்லை. ஒரே துண்டு இவ்வளவு நீளமா, இத்தனை கிளையா, ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவே, இந்தப் பெயர்களெல்லாம் எந்த பாஷை என்று வரிவரியாகச் சிவப்பு மை தெளித்தது, பள்ளிக்கூடத்தில் மரகதம் டீச்சர் கட்டுரை நோட்டைத் திருப்பித் தருகிற மாதிரி. அதன் மேலும் தப்பு சொல்ல முடியாது. கீழ் மாடியில் இன்சூரன்ஸ் புரோகிராமைப் பார், முப்பது பேர் கை வைக்கிறார்கள், வருஷத்துக்குப் பாதிப் பேர் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுகிறார்கள், சட்டம் மாறுகிறது, அங்கே இப்படி ஒரு நீளத் துண்டு இருந்தால் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். துண்டு துண்டாக இருந்தால்தான் ஒருவர் துண்டை இன்னொருவர் மிதிக்காமல் வேலை செய்ய முடியும், அந்த வீட்டுக்கு அந்த மீட்டர் சரி. தங்கை கல்யாணமாகிச் சென்னைக்குப் போன புதிதில், கோயம்புத்தூர் வழக்கப்படி இட்லிக்கு ஆட்டிய மாவைப் பாத்திரம் நிறைய வைத்துவிட்டுப் படுத்தாள், சித்திரை மாசம், காலையில் மாவு மேடை முழுக்க வழிந்து அடுப்புக்குள் இறங்கியிருக்கிறது, போன் போட்டு அக்கா நீ சொன்ன அளவு தப்பு என்று சண்டை. அளவில் என்ன தப்பு, ஊர்தான் வேறு. இதை ஹெலன் மேடத்திடம் சொல்லலாமா, நிறுவனத்தின் தர அளவீட்டுக் கூட்டத்தில் இட்லி மாவா, சிரித்துவிடுவார்கள். ஆகவே சொல்லவில்லை. சொல்லாமல், நேற்று நல்ல பிள்ளையாக உட்கார்ந்து நீளத்தை வெட்டினாள், ஒவ்வொரு வேலைக்கும் தனித் துண்டு, ஒரு துண்டு இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும், பெயர்களையும் பாதிக்கு மேல் சுத்த ஆங்கிலமாக்கினாள். வெட்ட வெட்ட மதிப்பெண் ஏறிற்று. ஐம்பது, அறுபது, எழுபது. உள்ளது உள்ளபடி சொன்னால், அந்த ஏற்றத்தில் ஒரு போதை இருந்தது, மதியச் சாப்பாட்டைக்கூட மறந்தாள்.

போர்வை. காற்று இப்போது ஊளையிடுகிறது, க்ளிப்பெல்லாம் எம்மாத்திரம், பக்கத்து வீட்டு மாமரத்தில் போய் மாட்டியிருக்கும், போன ஆடியில் மேல் வீட்டுப் பாவாடை ஒன்று போஸ்ட் கம்பத்தில் ஒரு வாரம் கொடி மாதிரி பறந்தது, யாரும் உரிமை கொண்டாட வரவில்லை. சிரிப்பு வந்தது, சிரிப்போடு கூடவே அந்தக் கீழ் மாடி நாற்காலியும் வந்தது, எதற்கு இப்போது அது, பச்சைதானே வரப்போகிறது. நாற்காலிக்குப் பின்னால் சுவர், ஜன்னல் கிடையாது, திரையில் யாரோ ஒருவருடைய பாலிசி எண், சரியா தவறா, சரியா தவறா, வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒன்று போல. அம்மிணி என்று கூப்பிட ஆளில்லை. அதற்காகத்தான் வெட்டினோம், அந்த நாற்காலிக்குப் போகாமல் இருக்கத்தான். பிறகும் அந்த பயம் ஏன் இடத்தைக் காலி பண்ணவில்லை, வாடகை கொடுத்துவிட்டோமே, பச்சையாகவே கொடுத்துவிட்டோமே. பட்டை பாதியைத் தாண்டிவிட்டது. காலைச் செருப்புக்குள் நுழைத்தாள், மறுபடி எடுத்தாள்.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. மயில்சாமி. இன்று வியாழக்கிழமை என்பதே நேற்றைய வெட்டுக்குத்தில் மறந்துபோயிருந்தது.

"அம்மிணி, வேலையா இருக்கறீங்களா?"

"இல்லீங்ண்ணா, சொல்லுங்க."

"ராயல் ப்ளூ துணி ஒரு லாட்டுங். திட்டுத் திட்டா நிக்குது. உப்பு சித்த முன்னாடியே உளுந்துருதோன்னு ஒரு சந்தேகம். தெரையக் கொஞ்சம் விடுங்க, பாத்துக்கலாம்."

அவள் திரையை விட்டாள், கை பழக்கத்தில் விட்டுவிட்டது, திரையில் திறந்திருந்தது எது என்று கைக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மோட்டார் சத்தம், யாரோ யாரையோ வால்வை மூடச் சொல்லிக் கத்துகிறார்கள், நடுவில் மயில்சாமியின் மூச்சு. வழக்கமாக இந்நேரம் இரண்டு தடவை நிறுத்துங் என்று சொல்லியிருப்பார்.

"என்னுங் அம்மிணி, இது நம்முளுதுங்களா?"

"நம்முளுதுதானுங்ண்ணா. கொஞ்சம் பிரிச்சு வச்சிருக்கறேன்."

"அப்டீங்களா." மறுபடி எழுத்துக் கூட்டினார். "உப்பு எங்கீங்?"

"இருங்ண்ணா, காட்டறேன்." ஒரு கோப்பைத் திறந்தாள். அங்கே உப்பு என்று இருந்தது, ஆனால் எவ்வளவு என்பது மட்டும்தான் இருந்தது. இன்னொன்றைத் திறந்தாள்.

"எவ்வளவுன்னு தெரியுதுங். எப்பப் போடுதுன்னு காணமுங்களே."

"அது வேற எடத்துல..." என்று தொடங்கினாள், வேறு இடம் எது என்று நாக்கு நுனியில் இருந்தது, வெளியே வரவில்லை.

"சேரி, நீங்க நிதானமாப் பாத்துச் சொல்லுங்க. நான் லாட்ட நிறுத்தி வச்சுக்கறேன். ஒண்ணும் அவசரமில்லீங்." போனை வைத்துவிட்டார்.

அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவசரமில்லீங் என்றது முகத்தில் சூடாக ஏறிற்று. ஒரு லாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு எந்தப் பட்டறைக்காரருக்கு அவசரம் இல்லாமல் இருக்கும். உப்பு எங்கே. சூடு ஏற்றுகிற துண்டைத் திறந்தாள், அது நேரம் பார்க்கிற துண்டைக் கூப்பிட்டது, அது படிநிலையைப் பார்க்கிற துண்டைக் கூப்பிட்டது, படிநிலைக்கு அவள் வைத்த ஆங்கிலப் பெயர் அழகாகத்தான் இருந்தது, அதற்குள் போனால் ஒரு எண் இருந்தது, அந்த எண்ணுக்கு அர்த்தம் இன்னொரு கோப்பில். ஒவ்வொரு துண்டும் சின்னது, சுத்தமானது, பளிச்சென்றது, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது, உப்பு மட்டும் இல்லை. நேற்று நானே என் கையால் வைத்த உப்பு. அடுப்பங்கரையை யாரோ அடுக்கித் துடைத்துவிட்டுப் போனது போல, அந்த யாரோ நானே. தேடிக்கொண்டு போகும்போது ஒரு கணம் எதைத் தேடுகிறோம் என்பதே நழுவிற்று, போர்வை வந்தது, வேட்டி வந்தது, மறுபடி உப்பு. கடைசியில் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்தபோது சந்தோஷம் வரவில்லை. பதினோரு வருஷம் கூடவே இருந்தவள் இப்படி அலைய வேண்டியிருந்தால் புனேக்காரன் என்ன செய்வான், மயில்சாமியண்ணன் என்ன செய்வார். பச்சை வாங்கினால் புரோகிராம் இங்கேயே இருக்கும் என்று நினைத்தோமே, பச்சை வாங்குவதற்குள்ளேயே போய்விட்டதே. அதுதான், அந்த பயம் இவ்வளவு நேரம் வயிற்றில் உட்கார்ந்து சொல்லப் பார்த்தது அதுதான், பாவம், அதைப் போய் தயிர் என்று நினைத்தோம். பட்டை முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. பரிமளா மவுஸை நகர்த்தி நிறுத்து என்பதன் மேல் வைத்தாள். நிஜமாகவா என்று ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்டது. நிஜமாகத்தான்.

பழையதை ஏற்றினாள். போன வாரமே அளந்தது என்பதால் மீட்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்று, சிவப்பு, அசல் குங்குமச் சிவப்பு, மயில்சாமியிடம் கேட்டால் இந்த ஷேடுக்கு எவ்வளவு சோடா என்று சொல்லிவிடுவார். இரண்டு வடிவத்தையும் ஹெலன் மேடத்துக்கு அனுப்பிவிட்டு, செருப்பை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கூந்தலை ஒரு தடவை அவிழ்த்து முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். போன் வர அதிக நேரம் ஆகவில்லை. ஹெலன் நாகர்கோவில்காரர், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

"பரிமளா, என்ன இது நாப்பத்தொண்ணு? எழுபத்தெட்டுன்னுல்லா சொன்னீங்க."

"அது வேற மேடம். பட்டறையில ஓடறது இதுதான்."

"சிவப்பு வந்தா புனேக்குப் போயிரும். தெரியும்லா?"

"தெரியும் மேடம்." நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டையும் அனுப்பியிருக்கேன். ரெண்டுலயும் உப்பு எப்ப விழுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"சாயத்தப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்?"

"அதான் மேடம் உங்களக் கேக்கறேன்."

அந்தப் பக்கம் மவுஸின் சத்தம் டிக் டிக் என்று கேட்டது. முதலில் புதியதைத் திறந்திருக்கிறார், இது அதக் கூப்பிடுது, அது எதையோ கூப்பிடுது, இருங்க என்று முணுமுணுப்பு, பிறகு வெறும் டிக் டிக். பரிமளா ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் சாரல் விழ ஆரம்பித்திருந்தது.

"கண்டுபிடிச்சிரலாம். ஒரு மணிக்கூர் குடுங்க" என்றார் ஹெலன்.

"இப்ப பழசத் திறங்க மேடம்."

மறுபடி டிக் டிக். இந்தத் தடவை ஒரே சீராக, மேலிருந்து கீழே, ஒருவர் படியில் இறங்கி வருகிற சத்தம். "போர் தண்ணி... மழத் தண்ணி... இதெல்லாம் நீங்க வச்ச பேரா? சூடு ஏத்து... ஆங். உப்பு முதல் பங்கு. ரெண்டாம் பங்கு. மூணு. அறுபது டிகிரிக்கு முன்னாடி, மூணு பங்காப் பிரிச்சு. சரியா?"

"சரி மேடம்."

ஹெலன் மறுபடி மேலே போய் இன்னொரு தடவை இறங்கி வந்தார், டிக் டிக். அதற்குள் பரிமளா கீழ் மாடி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டாள்.

"நாளைக்கு நீங்க இல்லேன்னா இத யாரு பாப்பா?"

"பட்டறையில மயில்சாமின்னு டையிங் மாஸ்டர் இருக்காரு மேடம். வாரா வாரம் அவரு படிக்கறாரு. இப்ப நீங்களும் படிச்சீங்க."

ஹெலன் சிரித்த மாதிரி இருந்தது, மூக்கால் ஒரு காற்று. "இதப் படிக்கப் போறது யாருன்னு அந்த மீட்டர் கேக்கவே இல்ல பாத்தியளா" என்றார். பிறகு, "சிவப்பப் பச்சைன்னு நான் எழுத மாட்டேன். சிவப்புன்னே போடுதேன். போட்டு, இது இங்கயே இருக்கணும்னு கீழ எழுதுதேன். மேல கேட்டா நான் பேசிக்கிடுதேன். ஆனா அந்த ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வருதுல்லா, அதயாவது கொஞ்சம் ஒதுக்குங்க."

"ஒதுக்கறேன் மேடம்" என்றாள். அது நியாயமான பேச்சுதான், மூன்று பங்கு உப்புக்கும் ஒரே வரிகளை எழுதி வைத்தது சோம்பேறித்தனம், வேறென்ன.

போனை வைத்த பிறகு கை இரண்டும் லேசாகக் கிடந்தன. சாரல் வலுத்து, தூரத்தில் மலை இருந்த இடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. போர்வைகள் நனைந்திருக்கும், வேட்டியும்தான், க்ளிப் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன. ரங்கராஜ் போன் போட்டு எல்லாத்தையும் எடுத்து உள்ளே போட்டுட்டேன் என்று சொல்லப்போகிறார், வீட்டுக்குப் போனால் கொடியில் சொட்டிக்கொண்டு நிற்கும், அதற்கும் ஏதோ ஒரு கதை வைத்திருப்பார், நாளைக்கு இன்னொரு தடவை அலசிப் போட்டால் போகிறது. மனசு நிறைந்திருந்தது, அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. சிவப்பு என்று ஒரு கட்டம் தன் பெயருக்கு எதிரே உட்கார்ந்திருக்கப் போவது உறுத்தும்தான், கேன்டீனில் ஒரு வாரம் பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும். பரிமளா மயில்சாமியைக் கூப்பிட்டாள், திரையை விட்டாள், விடுவதற்கு முன்னால் திறந்திருப்பது எது என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இதானுங்களே நம்முளுது" என்றார் அவர்.

அவள் மெதுவாகக் கீழே உருட்டத் தொடங்கினாள். போர் தண்ணி போயிற்று, மழைத் தண்ணி போயிற்று, உப்பு முதல் பங்கு எட்டிப் பார்த்தது, மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவர் வாய்க்குள் படித்துக்கொண்டே வருவது கேட்டது.

"அங்க நிறுத்துங் அம்மிணி."

நிறுத்தினாள்.